மாடி எடுக்கப் போறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் அவர் கட்டிய பழைய வீட்டைப் பாருங்க!

மாதவரம்:

"அண்ணே, நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. எல்லாம் நான் பாத்துக்குறேன்."

வீட்டு வேலையில் ஏமாந்தவர்களை விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலான கதை இந்த வசனத்தில்தான் ஆரம்பிக்கும். மேஸ்திரி சிரித்த முகமாக வருவார். டீ குடிப்பார். வீட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "மூணு மாசத்துல சாவி கையில" என்பார். அட்வான்ஸ் கை மாறும். முதல் 10 நாள் வேலை ஜரூராக நடக்கும். அப்புறம் ஒரு நாள் ஆள் வராது. கேட்டால் "சித்தாள் ஊருக்குப் போயிட்டாங்க" என்று பதில் வரும். அதற்கும் அப்புறம் போனையே எடுக்க மாட்டார்.

மாதவரம், மூலக்கடை, பால் பண்ணை, மணலி பக்கம் இப்போது தெருவுக்கு ஒரு வீட்டில் ஜல்லி கொட்டிக் கிடக்கிறது. 2011-ல் சென்னை மாநகராட்சியோடு மாதவரம் சேர்ந்தது. 2018-ல் பஸ் நிலையம் வந்தது. மெட்ரோ ரெயில் 2-ம் கட்டத்தில் 2 வழித்தடங்கள் மாதவரத்தில் இருந்துதான் புறப்படுகின்றன. "மேல ஒரு ரூம் எடுத்தா வாடகை வரும், பொண்ணு கல்யாணத்துக்கு ஆகும்" என்று கணக்கு போடாத குடும்பம் கிடையாது. சிமெண்ட் ஷீட்டை எடுத்துவிட்டு தளம் போடுகிறவர்கள், ஒழுகும் மாடியை சரி செய்கிறவர்கள், ரோடு உயர்ந்ததால் பள்ளமாகிப்போன வீட்டில் தரையைத் தூக்குகிறவர்கள் என்று பல வகை.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது? பி.எப். லோன், சீட்டுப் பணம், அடகுக் கடைக்குப் போன தாலிச் செயின். அந்தப் பணம் ஒரு தடவைதான் வரும். வேலை கெட்டுப்போனால் மறுபடி கட்ட காசு இருக்காது. அதனால் ஆளைத் தேர்ந்தெடுக்கும் ஒரு வாரத்தில்தான் எல்லாமே இருக்கிறது.

புது வீட்டைக் காட்டுவார், மயங்காதீங்க

"நீங்க கட்டின வீட்டைக் காட்டுங்க" என்று கேட்டால், எந்த மேஸ்திரியும் போன மாதம் பெயிண்ட் அடித்து முடித்த வீட்டுக்குத்தான் அழைத்துப் போவார். புதுப் பெயிண்டில் எல்லா சுவரும் அழகுதான். நீங்கள் கேட்க வேண்டியது, 4, 5 வருஷத்துக்கு முன்பு அவர் முடித்த வீடு. 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் மழை வடசென்னையைப் புரட்டிப் போட்டதே, அதற்கு முன்பு கட்டிய வீடாக இருந்தால் ரொம்ப நல்லது. அந்த மழை எடுத்த பரீட்சையில் பாஸ் ஆன வீடா, பெயில் ஆன வீடா என்று அங்கே போனதும் தெரிந்துவிடும்.

போகும்போது மேஸ்திரி இல்லாமல் போங்கள். முடிந்தால் மழை விட்ட மறுநாள் போங்கள். உள்ளே போனதும் மேலே பாருங்கள். பாத்ரூமுக்கு நேர் கீழே உள்ள தளத்தில் ஈரத் திட்டு இருக்கிறதா? சன்ஷேடு அடிப்பக்கம் பூச்சு பேர்ந்திருக்கிறதா? பில்லரும் செங்கல் சுவரும் சேருகிற இடத்தில் நேர்கோடாக விரிசல் ஓடுகிறதா? ஜன்னலின் மூலையில் இருந்து சாய்வாக விரிசல் போகிறதா? மாடித் தளத்தில் மழைத் தண்ணி குழாய்ப் பக்கம் ஓடுகிறதா, நடுவில் குளமாக நிற்கிறதா?

அப்புறம் வீட்டுக்கார அம்மாவிடம் பேசுங்கள். ஐயாவை விட அவருக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கும். சொன்ன தேதியில் முடித்தாரா, பேசின பணத்துக்கு மேல் எவ்வளவு கேட்டார் என்பதை விசாரித்துவிட்டு, முக்கியமாக இன்னொன்றும் கேளுங்கள். முழுப் பணமும் வாங்கின பிறகு ஒரு குழாய் ஒழுகுகிறது என்று கூப்பிட்டபோது மேஸ்திரி வந்தாரா? "வந்தாரு, வந்து சரி பண்ணிட்டுப் போனாரு" என்று பதில் வந்தால், பாதி முடிவு எடுத்த மாதிரி.

அதோடு, அவருக்கு இப்போது வேலை நடக்கும் ஒரு இடத்துக்கும் சொல்லாமல் போய் நில்லுங்கள். சிமெண்ட் மூட்டையை பலகை மேல் அடுக்கி இருக்கிறார்களா, வெறுந்தரையில் போட்டிருக்கிறார்களா? செங்கல்லை நனைத்து வைக்கிறார்களா? தூக்குகுண்டும் ரசமட்டமும் கையில் இருக்கிறதா, மூட்டைக்குள் தூங்குகிறதா? நேற்று கட்டிய சுவருக்கு இன்று தண்ணி விட்டிருக்கிறார்களா? பத்து நிமிஷம் நின்றால் போதும், யாரும் விளக்கிச் சொல்ல வேண்டாம். மேஸ்திரி அங்கே இல்லாமல், அவருடைய ஆளுக்கு ஆள் என்று யாரோ வேலை பார்த்தால், உங்கள் வீட்டுக்கும் அதே கதிதான்.

கையால் தொட்டதும் உதிர்ந்த சுவர்

2021 ஆகஸ்டு மாதம் புளியந்தோப்பு கே.பி.பார்க் அடுக்குமாடி குடியிருப்பு விவகாரம் ஞாபகம் இருக்கும். குடிசை மாற்று வாரியம் கட்டிய புத்தம் புது கட்டிடம். குடி வந்த ஜனங்கள் சுவரைக் கையால் தொட்டார்கள், பூச்சு மண்ணாக உதிர்ந்தது. டி.வி.யில் எல்லோரும் பார்த்தோம். சட்டசபை வரை போனது. ஐ.ஐ.டி. நிபுணர்கள் வந்து ஆய்வு செய்து, பூச்சு வேலையின் தரம் சரியில்லை என்று அறிக்கை கொடுத்தார்கள். என்ஜினீயர்கள் சஸ்பெண்டு ஆனார்கள்.

என்ஜினீயர்கள் மேற்பார்வையில் கட்டிய இடத்திலேயே இப்படி. நம் வீட்டில் மேற்பார்வைக்கு யார்? நாம்தான்.

பூச்சு ஏன் உதிரும்? சிமெண்ட் குறைவு, தூசி கலந்த மணல், தண்ணி காட்டாதது. இந்த மூன்றில் ஒன்று, அல்லது மூன்றும். சுவர்ப் பூச்சுக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு 5 அல்லது 6 பங்கு மணல், தளத்தின் அடிப்பூச்சுக்கு 4 பங்கு என்பது வழக்கம். உள்ளே நீங்கள் இல்லாத நேரத்தில் அது 8, 10 என்று போய்விடும். கலவை போடும்போது ஒரு மூட்டைக்கு எத்தனை சட்டி மணல் போடுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணுகிற வீட்டுக்காரர் இருந்தாலே கலவை ஒழுங்காக விழும்.

தண்ணி விடுவதுதான் பெரும்பாலான வீட்டில் கோட்டை விடுகிற இடம். இப்போது கடையில் கிடைப்பது அதிகமும் பி.பி.சி. வகை சிமெண்ட். கான்கிரீட்டுக்கு இந்த வகையில் குறைந்தது 10 நாள் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும் என்பது இந்திய தர விதி. பழைய ஓ.பி.சி. வகைக்கு 7 நாள். "மூணு நாள் ஊத்துனா போதும்ணே" என்று சொல்கிற மேஸ்திரிக்கு அடுத்த வேலை காத்திருக்கிறது என்று அர்த்தம். தண்ணி ஊற்றும் வேலை யாருடையது என்பதை முதலிலேயே பேசி முடியுங்கள். பேசாமல் விட்டால் அவர் நீங்கள் ஊற்றுவீர்கள் என்று நினைப்பார், நீங்கள் அவர் ஊற்றுவார் என்று நினைப்பீர்கள். நடுவில் தளம் காய்ந்து போகும்.

உப்புத் தண்ணி என்ற எதிரி

வடசென்னையில் வீடு கட்டுகிறவருக்கு தாம்பரத்துக்காரரை விட ஒரு தலைவலி கூடுதல். உப்பு. எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் பக்கம் கடல் காற்று. மீஞ்சூர் வட்டாரத்தில் கடல் நீர் நிலத்தடிக்குள் புகுந்தது பல பத்து வருஷத்துக் கதை. போர் தண்ணியை வாயில் வைத்துப் பார்த்தாலே கரிக்கிற இடங்கள் நிறைய.

அந்தத் தண்ணியில் கான்கிரீட் கலந்தால் என்ன ஆகும்? உடனே ஒன்றும் ஆகாது. அதுதான் ஆபத்து. உள்ளே கம்பி மெதுவாகத் துருப்பிடிக்கும். துரு, கம்பியை விட அதிக இடம் பிடிக்கும். உள்ளிருந்து உப்பிக்கொண்டு கான்கிரீட்டை வெடிக்க வைக்கும். 6, 7 வருஷம் கழித்து ஒரு நாள் ராத்திரி தளத்தில் இருந்து ஒரு தட்டு அளவுக்குப் பெயர்ந்து கட்டில் மேல் விழும். அதற்குள் மேஸ்திரி எத்தனை வீடு மாறிப் போயிருப்பாரோ!

கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணியில் குளோரைடு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. தண்ணியை ஒரு பாட்டிலில் பிடித்து லேபில் கொடுத்தால் சொல்லிவிடுவார்கள். மொத்தச் செலவில் அது தூசு. தளம் போடும் அன்றைக்கு மட்டுமாவது நல்ல தண்ணி லாரி வரவழைத்தால் நல்லது.

இன்னொன்று கவர் பிளாக். கம்பிக்கும் சென்ட்ரிங் பலகைக்கும் நடுவில் வைக்கிற சின்ன சிமெண்ட் கட்டை. கம்பி கான்கிரீட்டுக்குள் ஆழமாக உட்கார அதுதான் காவல். சாதாரண இடத்தில் தளத்துக்கு 20 மில்லி மீட்டர் போதும், கடலோரத்தில் 45 வரை வேண்டும் என்கிறது விதி. நம்ம ஊரில் பல பேர் உடைந்த ஜல்லித் துண்டைச் சொருகிவிட்டுப் போவார்கள். மேஸ்திரியிடம் முதல் சந்திப்பிலேயே "கவர் பிளாக் எத்தனை எம்.எம். வைப்பீங்க?" என்று சும்மா ஒரு கேள்வி போடுங்கள். தொழில் தெரிந்தவர் பதிலுக்கு "எந்தத் தண்ணி உபயோகிக்கப் போறோம்?" என்று கேட்பார். தெரியாதவர் சிரிப்பார்.

விரிசலைப் பார்த்து வெளியே வந்தார்கள்

திருவொற்றியூர் கிராமத் தெரு அரிவாக்குளத்தில் 2021 டிசம்பர் 27-ந் தேதி நடந்தது இந்தப் பகுதியில் யாருக்கும் மறக்காது. 1993-ல் கட்டிய குடிசை மாற்று வாரிய கட்டிடத்தில் 24 வீடுகள் உள்ள ஒரு பிளாக் அப்படியே சரிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்து ஜனங்கள் முன்கூட்டியே வெளியே வந்ததால் உயிர்கள் தப்பின. சாமான் செட்டு எல்லாம் போச்சு, ஆள் மிஞ்சியது.

பழைய வீட்டில் ரிப்பேர் வேலைக்கு வருகிறவரை எடை போட இதை விட நல்ல பாடம் இல்லை. விரிசலைக் காட்டினால் அவர் என்ன செய்கிறார்? "பட்டி வெச்சு ரெண்டு கோட்டிங் அடிச்சா தெரியாதுண்ணே" என்றால், தெரியாமல் போவது விரிசல் மட்டும்தான், வியாதி உள்ளேயே இருக்கும். நல்ல ஆள் சுத்தியலை எடுத்து தளத்தையும் பீமையும் தட்டிப் பார்ப்பார். "டொக் டொக்" என்று வெற்றுச் சத்தம் வருகிற இடத்தை சாக்பீசால் வட்டம் போடுவார். பேர்ந்த இடத்தில் கம்பி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பார். இது என் கைக்கு மேல் உள்ள வேலை, ஒரு ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயரைக் கூப்பிடுங்கள் என்று சொன்னால், அவரை விட்டுவிடாதீர்கள். தன் எல்லை தெரிந்த தொழிலாளி லேசில் கிடைக்க மாட்டார்.

மாடி ஒழுகலும் அப்படித்தான். எங்கிருந்து தண்ணி வருகிறது என்று தேடாமலே பெயிண்ட் டப்பா பெயர் சொல்கிறவரை அனுப்பிவிடுங்கள். ஒழுகுவது தளமா, கைப்பிடிச் சுவர் சேருகிற மூலையா, டேங்க் குழாயா என்று பார்த்த பிறகுதான் மருந்து. வேலை முடிந்ததும் மழைத் தண்ணிக் குழாயை அடைத்து, ஓர் அங்குலம் தண்ணி கட்டி ஒரு நாள் முழுக்க நிறுத்திப் பாருங்கள். கீழே கசிவு இல்லை என்றால்தான் மீதிப் பணம். பாத்ரூம் தரைக்கு டைல்ஸ் ஒட்டும் முன்பும் இதே சோதனை செய்யலாம்.

கீழே என்ன இருக்கு என்று கேட்காதவர்

மாடி எடுக்கப் போகிறோம் என்றதும் உடனே அளவு டேப்பை எடுக்கிறவரிடம் ஜாக்கிரதை. முதலில் அவர் கேட்க வேண்டியது, "கடைக்கால் எத்தனை அடி ஆழம்? பில்லர் போட்ட வீடா, வெறும் செங்கல் சுவர் தாங்குற வீடா?" என்பது. மாதவரத்தில் பஞ்சாயத்து காலத்தில் கட்டிய பல வீடுகள் தரைத்தளம் மட்டும் என்ற நினைப்பில் கட்டியவை. ஏரிக்குப் பக்கத்தில் களிமண் உள்ள இடம் என்றால், மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். ஒரு மூலையில் குழி தோண்டி கடைக்காலை நேரில் பார்க்காமல் "கட்டிடலாம் சார்" என்று சொல்வது குருட்டு தைரியம்.

2014 ஜூன் 28-ல் மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டிடம் விழுந்து 61 பேர் இறந்தார்கள். அது பெரிய கட்டிடம், நமக்கென்ன என்று சொல்ல முடியாது. 2023 ஏப்ரல் 19-ல் பாரிமுனை அரண்மனைக்காரன் தெருவில் விழுந்தது, புதுப்பிப்பு வேலை நடந்துகொண்டிருந்த பழைய 4 மாடிக் கட்டிடம். பழைய கட்டிடத்தில் எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது என்று தெரியாமல் "ஹாலை பெருசாக்கலாம்" என்று ஒரு சுவரை இடித்தால் போதும், மேலே இருப்பது கீழே வரும். இடிக்கும் முன் முட்டுக் கொடுக்கத் தெரிந்தவரா என்று பாருங்கள்.

வெள்ளை அடிக்க, பூச்சு பார்க்க யாரும் அனுமதி கேட்பதில்லை. ஆனால் மாடி எடுக்க மாநகராட்சி அனுமதி வேண்டும். "அதெல்லாம் வேணாம், ஆபீசுல நம்ம ஆளு இருக்காரு" என்கிற மேஸ்திரி, நாளைக்கு நோட்டீஸ் வந்தால் பக்கத்தில் நிற்க மாட்டார். நோட்டீசில் இருப்பது வீட்டுக்காரர் பெயர். 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் புது வீடு கட்ட, 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்று திட்டத்தில் ஆன்லைனிலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. இருக்கிற வீட்டின் மேல் எடுப்பதற்கு என்ன வழி என்று பதிவு பெற்ற என்ஜினீயரிடம் கேளுங்கள். அவருக்கு கொடுக்கிற பீஸ் வீண் செலவு ஆகாது. கம்பி எத்தனை, எந்த அளவு என்று அவர் போட்டுத் தருகிற படம்தான் பின்னால் மேஸ்திரியைக் கேள்வி கேட்க உங்களுக்கு ஆயுதம்.

சதுர அடியில் நடக்கும் சாமர்த்தியம்

மூன்று பேரிடம் ரேட் கேட்டால் மூன்று விதமாகச் சொல்வார்கள். குறைந்த ரேட்டைப் பார்த்து சந்தோஷப்படும் முன், எதை எல்லாம் சதுர அடியில் சேர்க்கிறார் என்று கேளுங்கள். ஒருவர் சன்ஷேடு, பால்கனி, படிக்கட்டு ஹெட்ரூம் எல்லாவற்றையும் அளந்து பில் போடுவார். இன்னொருவர் அறையை மட்டும் அளப்பார், ஆனால் சம்ப்பும் பரணும் தனிக் காசு. ரேட் குறைவாகத் தெரிகிறவர் கடைசியில் அதிகம் வாங்கியிருப்பார்.

லேபர் காண்டிராக்ட் என்றால் சாமான் நீங்கள் வாங்கித் தர வேண்டும், கூலி அவருடையது. சென்ட்ரிங் பலகை, வாடகை மிஷின், ஜல்லியை மாடிக்கு ஏற்றும் கூலி இதெல்லாம் யார் தலையில் என்று பேசாமல் விட்டால் தகராறு நிச்சயம். மெட்டீரியலோடு காண்டிராக்ட் என்றால் எந்தக் கம்பெனி சிமெண்ட், எந்தக் கம்பி, டைல்ஸ் எத்தனை ரூபாய் வரை, ஒயர் எந்த பிராண்ட் என்று பேப்பரில் வர வேண்டும். "நல்ல குவாலிட்டி போட்டுத் தரேன்" என்பதற்கு கோர்ட்டில் மதிப்பு கிடையாது. நாள் கூலிக்கு விடுவது சின்ன ரிப்பேருக்கு சரி. பெரிய வேலைக்கு விட்டால் வேலை இழுத்துக்கொண்டே போகும்.

மூன்று பேரில் ஒருவர் மட்டும் ரொம்பக் குறைத்துச் சொன்னால், சந்தேகப்பட வேண்டியதும் அவரைத்தான். கம்பி, சிமெண்ட், கூலி விலை எல்லோருக்கும் ஒன்றுதான். எங்கோ கை வைக்காமல் அவரால் அந்த விலைக்கு முடிக்க முடியாது.

சாமான் நீங்களே வாங்குவதாக இருந்தால் சில கணக்குகள் தெரிந்திருக்கட்டும். மணல், எம்-சாண்ட் ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. லாரி தொட்டியின் நீளம், அகலம், சரக்கின் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி நூறால் வகுங்கள். 10 அடி நீளம், 7 அடி அகலம், 4 அடி உயரம் என்றால் 2.8 யூனிட்தான், 3 யூனிட் என்று பில் போட்டால் கேளுங்கள். ஈர மணல் நாலில் ஒரு பங்கு வரை உப்பித் தெரியும், அதையும் மனதில் வையுங்கள். எம்-சாண்ட் என்ற பெயரில் கிரஷர் தூசியைக் கொட்டுவதும் நடக்கிறது. ஒரு கைப்பிடி எடுத்து கண்ணாடி டம்ளர் தண்ணியில் கலக்கி வையுங்கள், மேலே சேறாகப் படிந்தால் திருப்பி அனுப்புங்கள்.

கம்பியை எடை போட்டுப் பார்க்கலாம். 12 மீட்டர் முழுக் கம்பி 8 எம்.எம். என்றால் 4.74 கிலோ, 10 எம்.எம். 7.4 கிலோ, 12 எம்.எம். 10.66 கிலோ இருக்க வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், 10 எம்.எம். கம்பி ஆறரை கிலோ நின்றால் அது பித்தலாட்டம். சிமெண்ட் மூட்டையில் தயாரித்த வாரம் அச்சிட்டிருக்கும், 3 மாசத்துக்கு மேல் பழசு வேண்டாம்.

பணம் வேலைக்குப் பின்னால் போகட்டும்

ஏமாந்தவர்கள் எல்லோரும் செய்த ஒரே தப்பு, வேலையை விட பணத்தை முன்னால் ஓட விட்டது. "கம்பி விலை ஏறுது, இன்னைக்கே வாங்கிடலாம்" என்று கேட்பார், கொடுப்போம். "பசங்களுக்கு சம்பளம் போடணும்" என்பார், கொடுப்போம். பாதி சுவர் எழும்பும்போது முக்கால் பணம் போயிருக்கும். அப்புறம் அவர் ஏன் வருவார்?

உதாரணத்துக்கு ஒரு மாடி ரூம் 4 லட்சம் ரூபாய்க்கு பேசி இருக்கிறீர்கள். அட்வான்ஸ் 40 ஆயிரம். சுவர் லிண்டல் மட்டம் வந்ததும் 80 ஆயிரம். தளம் கான்கிரீட் போட்டதும் 1 லட்சத்து 20 ஆயிரம். பூச்சு முடிந்ததும் 80 ஆயிரம். ஒயரிங், பெயிண்ட் எல்லாம் முடிந்ததும் 60 ஆயிரம். மிச்சம் 20 ஆயிரம் உங்கள் கையிலேயே இருக்கட்டும், ஒரு மழைக்காலம் தாண்டி கொடுக்கலாம். இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கடைசியில் பிடித்தம் செய்தால் அது சண்டை. நியாயமான மேஸ்திரி கொஞ்சம் பேரம் பேசுவார், ஆனால் ஒத்துக்கொள்வார். "பாதிப் பணம் முன்னாடி வெச்சாதான் கை வைப்பேன்" என்கிறவருக்கு ஒரு கும்பிடு போடுங்கள்.

மேஸ்திரி பக்க நியாயமும் இருக்கிறது. வேலை முடிந்த பிறகு வீட்டுக்காரர் இழுத்தடித்து, சித்தாளுக்கு கூலி கொடுக்க முடியாமல் தவிக்கிற மேஸ்திரிகளும் இதே மாதவரத்தில் உண்டு. கட்டம் முடிந்த அன்றைக்கே பணத்தைக் கொடுத்தால் அவரும் அடுத்த கட்டத்தை ஒழுங்காகச் செய்வார்.

பணத்தை வங்கி வழியாகவோ, ஜிபே மூலமாகவோ அனுப்புங்கள். ரொக்கம் கொடுத்தால் ஒரு நோட்டில் தேதி, தொகை எழுதி கையெழுத்து வாங்குங்கள். முதல் நாளே ஸ்டாம்ப் பேப்பரில் ஒப்பந்தம் எழுதுவதில் கூச்சம் வேண்டாம். சொந்தக்காரர் என்றால் இன்னும் கண்டிப்பாக எழுதுங்கள், மச்சான் உறவும் மிஞ்சும். அதில் அளவு, சாமான் விவரம், பணக் கட்டம், முடிக்கும் தேதி, வேலை ஆளுக்கு அடிபட்டால் ஆஸ்பத்திரி செலவு யாருடையது எல்லாம் இருக்கட்டும். இடையில் "அந்த ஜன்னலை பெருசாக்குங்க" என்று நீங்கள் சொன்னால் அதற்கு எவ்வளவு கூடுதல் என்பதையும் அன்றைக்கே எழுதிக்கொள்ளுங்கள். கூடுதல் வேலைதான் கடைசி நாளில் அடிதடி ஆகிறது.

தளம் போட்ட பிறகு முட்டைப் பிரிக்க அவசரப்படும் மேஸ்திரிகள் உண்டு, வாடகைப் பலகை ஓடிக்கொண்டிருக்கும் அல்லவா? 15 அடி வரை அகலமான தளத்துக்கு முட்டு குறைந்தது 7 நாள், அதற்கு மேல் 14 நாள், பீமுக்கு 14 முதல் 21 நாள் நிற்க வேண்டும். இதையும் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கலாம். கரண்டு வேலையை கொத்தனாரின் தம்பி செய்வார் என்று விடாதீர்கள், லைசென்சு உள்ள எலக்ட்ரீசியன் பார்க்கட்டும்.

ஏமாந்துவிட்டால்?

முதலில் வேலை நின்ற இடத்தை தேதியோடு போட்டோ, வீடியோ எடுங்கள். வேறு ஆளை வைத்து வேலையைத் தொடரும் முன் ஒரு என்ஜினீயரிடம், எவ்வளவு முடிந்திருக்கிறது, அதன் மதிப்பு என்ன, எது பழுது என்று எழுதி வாங்குங்கள். பழுதை இடித்துவிட்ட பிறகு சாட்சி இருக்காது. அப்புறம் மேஸ்திரிக்கு பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டர்" என்று சொல்வதைக் கேட்டு மனம் உடைந்து திரும்புகிறவர்கள் நிறைய. வேலை தாமதம், தரம் குறைவு என்றால் அது சிவில்தான். ஆரம்பத்தில் இருந்தே ஏமாற்றும் எண்ணத்தோடு பணம் வாங்கியிருந்தால்தான் மோசடி வழக்கு. முன்பு 420 என்று சொன்னோமே, 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதா 318-வது பிரிவு. ஒரே மேஸ்திரியிடம் நாலைந்து குடும்பம் அட்வான்ஸ் கொடுத்து ஏமாந்திருந்தால் சேர்ந்து போய் புகார் கொடுங்கள், கதை மாறும்.

மற்றபடி நுகர்வோர் கோர்ட்டுதான் நல்ல வழி. வீடு கட்டித் தருவதும் ஒரு சேவைதான் என்று 1993-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. பிரச்சினை வந்த நாளில் இருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கோர்ட்டு கட்டணம் இல்லை, 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். வக்கீல் கட்டாயம் இல்லை, நீங்களே வாதாடலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், மேஸ்திரி சொந்த ஊருக்குப் போய்விட்டாரே என்று தேடி ஓட வேண்டாம். ஆன்லைனில் இ-ஜாக்ரிதி தளத்திலும் மனு போடலாம். ஆனால் மேஸ்திரியின் சரியான பெயரும் விலாசமும் இல்லாமல் நோட்டீஸ் போகாது. நிறைய கேஸ் இங்கேதான் நின்றுபோகிறது, "மணி மேஸ்திரி" என்பதற்கு மேல் வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது. அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் அன்றைக்கே ஆதார் நகல் ஒன்று வாங்கி, அவர் வீடு எங்கே என்று ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

எங்கே ஆரம்பிப்பது என்று புரியாதவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யலாம். கட்டணம் இல்லை. பேசும் முன் ஒப்பந்தப் பேப்பரும் பணம் கொடுத்த ரசீதும் கையில் இருக்கட்டும், முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.